இன்றைய இயற்பியல் ஆராய்ச்சியால் சாதாரண மனிதனுக்கு என்ன பயன்?

"கருந்துளையைப் படம் எடுத்தார்கள், ஈர்ப்பலையைக் கண்டுபிடித்தார்கள், ஹிக்ஸ் துகளைப் பிடித்தார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. இதில் ஏதாவது ஒன்று நம்மைப் போன்றவர்களின் அன்றாட வாழ்க்கையைத் தொடுகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹிக்ஸ் துகளால் இன்று நம் வீட்டில் எதுவும் மாறவில்லை. மாறிவிட்டதாகச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் இயற்பியல் ஆராய்ச்சி என்றால் புதுத் துகள் தேடுவது மட்டும்தான் என்று இல்லை. நேரத்தை மேலும் மேலும் துல்லியமாக அளக்கும் வேலை ஒன்று பல ஆய்வகங்களில் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் சொன்ன கருந்துளைப் படமே அந்த வேலை இல்லாமல் வந்திருக்காது. உலகின் பல மூலைகளில் இருந்த தொலைநோக்கிகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஹைட்ரஜன் மேசர் என்ற அணுக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அது குறித்துக்கொடுத்த நேரத்தை வைத்துத்தான் எல்லாப் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். நான் இந்தக் கடிகாரங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் பிழைப்பே அவற்றின் மேல்தான் நிற்கிறது.

நான் மொபைல் டவர் பராமரிப்பில் இருக்கிறேன். டவர் பக்கம் போனால், கீழே இருக்கும் ஷெல்டரின் கூரையிலோ கம்பத்திலோ உள்ளங்கை அகல வெள்ளைக் குமிழ் ஒன்று தெரியும். நாங்கள் அதை மஷ்ரூம் என்போம். அது ஜிபிஎஸ் ஆன்டெனா. டவர் எங்கேயும் நகர்வதில்லை, அதற்கு வழி தெரிய வேண்டியதில்லை. செயற்கைக்கோளிடம் அது கேட்பது மணி என்ன என்பதை மட்டும்தான்.

5ஜியில் பெரும்பாலும், 4ஜியில் ஒரு வகையிலும், டவர் அனுப்புவதும் போன் அனுப்புவதும் ஒரே அலைவரிசையில்தான். அதனால் முறை வைத்து அனுப்ப வேண்டும்: கொஞ்ச நேரம் டவருக்கு, அப்புறம் கொஞ்ச நேரம் போனுக்கு. அக்கம்பக்கத்து டவர்கள் எல்லாம் ஒரே கணத்தில் ஆரம்பித்து ஒரே கணத்தில் நிறுத்த வேண்டும். பொது நேரத்திலிருந்து ஒரு டவர் விலகலாம் என்று அனுமதித்திருப்பது முன்னே பின்னே 1.5 மைக்ரோ வினாடி (ஒரு மைக்ரோ வினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அந்த நேரத்தில் ஒளியே 450 மீட்டர்தான் போகும்.

ஒரு வடகிழக்குப் பருவமழை சமயம், கடலோரப் பகுதியில் சில டவர்களைப் பற்றி ஓயாமல் புகார் வந்தது. கால் கட் ஆகிறது, நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த டவர்களுக்குப் போய்ப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கோளாறு நடுவில் இருந்த வேறொரு டவரில் இருந்தது. மஷ்ரூமிலிருந்து வரும் கேபிளின் கனெக்டரில் தண்ணீர் இறங்கி, ஜிபிஎஸ் சிக்னல் போய், உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் ஆஸிலேட்டர் என்ற படிகக் கடிகாரத்தை நம்பி அது ஓடிக்கொண்டிருந்தது. இந்த நிலையை ஹோல்ட்ஓவர் என்போம். சில மணி நேரம் தாங்கும், பிறகு மெல்ல மெல்ல விலக ஆரம்பிக்கும். விலகிய டவர் தன் முறை முடிந்த பிறகும் அனுப்பிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள டவர்கள் தங்கள் போன்களைக் கேட்க வேண்டிய நேரத்தில் இதன் இரைச்சல் வந்து விழும். கனெக்டரை மாற்றி, நீர் புகாத டேப்பைச் சுற்றிய பிறகு அந்த வட்டாரத்துப் புகாரெல்லாம் நின்றது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஒரு நேரப் பிசகு பல ஊர்களின் பேச்சை நிறுத்திவிடும் என்பதை அங்கே நேரில் பார்த்தேன்.

சரி, அந்தச் செயற்கைக்கோளுக்கு மணி எப்படித் தெரிகிறது? ஒவ்வொன்றுக்குள்ளும் அணுக்கடிகாரங்கள் இருக்கின்றன. அணுவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு தனிமத்தின் ஒரே வகை அணுக்கள் எல்லாம், அவை எங்கே இருந்தாலும், ஒரே மாதிரி. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுள்ள அலை பட்டால் மட்டும் அவற்றின் ஆற்றல்நிலை மாறும். மாறுகிறதா என்று பார்த்துப் பார்த்து அலையைச் சரிசெய்துகொண்டே இருந்தால் அந்த அலையே கடிகாரம். அணுக்களின் காந்தப் பண்புகளை ஆராய 1930களில் இசிடோர் ரபி உண்டாக்கிய முறையிலிருந்து இது வளர்ந்தது. அதே ஆராய்ச்சியின் இன்னொரு கிளைதான் பிறகு ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ ஸ்கேன் ஆனது. ரபி அன்று ஸ்கேனையும் நினைக்கவில்லை, செல்போனையும் நினைக்கவில்லை. 1955இல் இங்கிலாந்தின் டெடிங்டனில் லூயிஸ் எஸ்ஸனும் ஜாக் பாரியும் நம்பி வேலை வாங்கக்கூடிய முதல் சீசியம் கடிகாரத்தைச் செய்தார்கள். 1967இல் வினாடிக்கான இலக்கணமே மாறியது. சீசியம்-133 அணுவின் அந்த அலை 9,19,26,31,770 முறை அதிர எடுக்கும் நேரம் ஒரு வினாடி. இன்று வரை அதுதான்.

இதற்குள் ஐன்ஸ்டைன் எங்கே வருகிறார் என்பதை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவ்வளவு உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் அங்குள்ள கடிகாரம் நாளுக்குச் சுமார் 45 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும். வேகமாகச் சுற்றுவதால் 7 மைக்ரோ வினாடி பின்தங்கும். மொத்தத்தில் 38 மைக்ரோ வினாடி முந்தும். இதற்கான பொதுச் சார்பியல் கோட்பாட்டை ஐன்ஸ்டைன் 1915இலேயே தாளில் முடித்துவிட்டார். ஆனாலும் பொறியாளர்களில் சிலருக்கு இதெல்லாம் உண்மையிலேயே தேவையா என்ற சந்தேகம் இருந்தது. 1977இல் என்டிஎஸ்-2 என்ற சோதனைச் செயற்கைக்கோளை ஏவியபோது, சார்பியல் திருத்தத்தை வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு ஏற்பாட்டோடு, முதலில் அதை அணைத்தே வைத்தார்கள். 20 நாள் பார்த்தார்கள். கோட்பாடு சொன்னது நாளுக்குச் சுமார் 38.6 மைக்ரோ வினாடி. கிடைத்தது சுமார் 38.2. திருத்தத்தைப் போட்டுவிட்டார்கள்.

திருத்தாவிட்டால் கூகுள் மேப்பில் நாளுக்கு 11 கிலோமீட்டர் தவறு வரும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். 38 மைக்ரோ வினாடியில் ஒளி அவ்வளவு தூரம் போகும் என்பது சரி. ஆனால் எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே அளவு பிசகினால் இடத்தைக் கணக்கிடும்போது அதில் பெரும்பகுதி கழிந்துவிடும். டவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அது நேரத்தையே வாங்கிக்கொள்கிறது. நாளுக்கு 38 என்றால் 1.5 மைக்ரோ வினாடி வரம்பு ஒரு மணி நேரம் கூடத் தாங்காது. பொதுச் சார்பியல் கோட்பாடு தினமும் வேலைக்கு வருகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

மின்சாரத்துக்கும் இது வந்துவிட்டது. 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்தியாவே இருண்டது. இரண்டாவது நாள் சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதிகளில் மின்சாரம் போனது. நம் தென் மண்டலம் அப்போது மற்ற மண்டலங்களோடு ஒரே அதிர்வில் இணைக்கப்படவில்லை, அதனால் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாக இணைத்தார்கள். இப்போது நாடு முழுவதும் ஒரே கிரிட். இவ்வளவு பெரிய கிரிட்டில் ஒரு முனையில் எழும் தள்ளாட்டத்தை மறுமுனை உடனே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத் துணைமின் நிலையங்களில் பிஎம்யூ என்ற கருவிகளை வைக்கிறார்கள். மின்னழுத்த அலையின் கோணத்தை வினாடிக்குப் பலமுறை அளந்து, ஒவ்வொரு அளவின் மேலும் செயற்கைக்கோள் நேரத்தை முத்திரை குத்தி அனுப்பும் கருவி அது. சென்னையிலும் டெல்லியிலும் எடுத்த அளவுகள் ஒரே கணத்துடையவை என்று தெரிந்தால்தான் அவற்றை ஒப்பிடவே முடியும்.

இதுவரை சொன்னது பழைய ஆராய்ச்சியின் பலன். நீங்கள் கேட்டது புதியதைப் பற்றி. அங்கே நடப்பது உண்மையிலேயே பிரமிக்க வைக்கிறது.

சீசியம் கடிகாரம் மைக்ரோ அலையில் ஓடுகிறது. அதற்குப் பதில் கண்ணுக்குத் தெரியும் ஒளியையே எண்ண முடிந்தால்? ஸ்ட்ரான்சியம் அணுவுக்குப் பிடித்த சிவப்பு ஒளி வினாடிக்குச் சுமார் 429 லட்சம் கோடி முறை அதிர்கிறது, சீசியத்தைப் போல 46,000 மடங்குக்கும் மேல். அளவுகோலில் கோடுகள் நெருங்க நெருங்கச் சின்ன நீளத்தையும் அளக்கலாம் அல்லவா, அதே கதைதான். சிக்கல் என்னவென்றால் அவ்வளவு வேகமாக எண்ண எந்த மின்னணுக் கருவியாலும் முடியாது. ஒளியின் அதிர்வை நாம் எண்ணக்கூடிய ரேடியோ அதிர்வெண்ணோடு இணைக்கும் 'ஒளி அதிர்வெண் சீப்பு' என்ற நுட்பத்துக்காகத்தான் தியோடோர் ஹான்ஷும் ஜான் ஹாலும் 2005இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அணுக்களை அசையாமல் பிடித்துவைப்பது இன்னொரு சிக்கல். டோக்கியோவின் ஹிடெடோஷி கடோரி 2001இல் ஒரு வழி சொன்னார். லேசர்களைக் கொண்டு ஒளியாலேயே ஒரு பின்னலை உண்டாக்கி அதன் குழிகளில் அணுக்களை உட்கார வைப்பது. பிடிக்கும் லேசரே அணுவைத் தொந்தரவு செய்யாதா? செய்யும். ஆனால் சரியான ஓர் அலைநீளத்தைத் தேர்ந்தால், அந்தத் தொந்தரவு ஆற்றல்நிலை இரண்டையும் ஒரே அளவில் நகர்த்தும், கடிகாரத்தைப் பாதிக்காது. ஸ்ட்ரான்சியத்துக்கு அது சுமார் 813 நானோமீட்டர். இவ்வளவு எளிமையாகவும் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகவும் ஒரு யோசனை இருக்க முடியுமா என்று அதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

அமெரிக்காவின் கொலராடோவில் ஜுன் யே குழு 2024இல் அறிவித்த ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தின் பிழை அளவு 8-ஐ 10-இன் 19-ஆம் அடுக்கால் வகுத்தால் வருவது. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். பிரபஞ்சம் பிறந்தபோதே இந்தக் கடிகாரத்தை ஓடவிட்டிருந்தால் இன்று அரை வினாடி கூடப் பிசகியிருக்காது.

இவ்வளவு துல்லியம் யாருக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் திரும்புகிறது. துல்லியம் இந்த அளவுக்குப் போனதும் கடிகாரம் நேரத்தை மட்டும் காட்டுவதில்லை, உயரத்தையும் காட்ட ஆரம்பிக்கிறது. மேலே இருக்கும் கடிகாரம் வேகமாக ஓடும் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு விண்வெளிக்குப் போக வேண்டியதில்லை. 2010இல் அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகத்தில் ஒரு கடிகாரத்தை 33 சென்டிமீட்டர் தூக்கி வைத்து அந்த வித்தியாசத்தை அளந்தார்கள். கடோரி குழு இரண்டு கடிகாரங்களை ஆய்வகத்திலிருந்து வெளியே எடுத்துவந்து, டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் கீழே ஒன்றையும் 450 மீட்டர் உயரத்தில் ஒன்றையும் வைத்தது. மேலே இருந்தது நாளுக்கு 4 நானோ வினாடிக்குச் சற்று அதிகமாக முந்தியது (மைக்ரோ வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோ வினாடி). அந்த முடிவு 2020இல் வெளியானது. 2022இல் ஜுன் யே குழு ஒரு மில்லிமீட்டர் அளவே இருந்த அணுக் கூட்டத்துக்குள்ளேயே மேல் பக்கத்துக்கும் கீழ் பக்கத்துக்கும் உள்ள நேர வித்தியாசத்தைக் காட்டியது. ஒரு மில்லிமீட்டர்!

உயரம் தெரிவதில் என்ன பெரிய பயன் என்றால், ஒரு பாலத்தின் கதையைச் சொல்ல வேண்டும். ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ரைன் நதியின் மேல் லாஃபன்பர்க்கில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பாலம் கட்டினார்கள். ஒரு நாடு கடல்மட்டத்தை ஆம்ஸ்டர்டாமிலிருந்து எடுக்கும், இன்னொன்று மார்செய்லிலிருந்து. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், கணக்கில் சேர்த்தும் இருந்தார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்ததால் இரு கரையிலிருந்து வந்த கட்டுமானத்துக்கும் நடுவே 54 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிட்டது. கணக்குப் பிழைக்கு எந்தக் கடிகாரமும் மருந்து இல்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்து நாடுகளே ஒரே உயர அளவை வைத்துக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. நிலத்தில் லெவல் கருவியை வைத்து அளந்துகொண்டே போனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில் பிழை சேர்ந்துகொண்டே வரும். செயற்கைக்கோள் தருவது வடிவக் கணித உயரம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அது நேரடியாகச் சொல்லாது, அதை ஈர்ப்புதான் தீர்மானிக்கிறது. கடிகாரம் ஈர்ப்பின் அந்த அளவையே நேராகப் படிக்கிறது. இரண்டு ஊரில் இரண்டு கடிகாரம், நடுவில் ஒரு ஃபைபர் கேபிள், அவ்வளவு போதும். இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும் இடையே உள்ள மலைச் சுரங்கப்பாதைக்கு ஒரு ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தை எடுத்துப்போய், டூரினில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டு இதைச் செய்துகாட்டினார்கள். அந்த முடிவு 2018இல் வந்தது. காவிரி டெல்டா போன்ற தட்டையான நிலத்தில், கடல் மட்டம் ஏறிவரும் காலத்தில், சென்டிமீட்டர் கணக்கில் உயரம் தெரிவது எவ்வளவு முக்கியம் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது தோரியம். இதுவரை எல்லாக் கடிகாரமும் அணுவின் எலெக்ட்ரானை நம்பியவை. தோரியம்-229இன் அணுக்கருவுக்கு மட்டும் லேசரால் எட்டக்கூடிய அளவுக்குத் தாழ்ந்த ஓர் ஆற்றல்நிலை இருக்கிறது. அது இருக்கலாம் என்று 1970களிலேயே தெரிந்தும், சரியாக எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. 2024இல் வியன்னா, பிரவுன்ஷ்வைக் ஆய்வாளர்கள் சுமார் 148 நானோமீட்டர் புற ஊதா லேசரால் அதைத் தட்டி எழுப்பினார்கள். அதே ஆண்டில் ஜுன் யே குழு அதை அதிர்வெண் சீப்போடு இணைத்து அளந்தது. அணுக்கரு ஆழத்தில் பாதுகாப்பாக இருப்பதால் வெளித் தொந்தரவு குறைவு, அணுக்களை ஒரு படிகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். இன்று ஓர் அறை முழுக்க லேசர் மேசைகள் பிடிக்கும் துல்லியம் ஒருநாள் கையில் எடுத்துப் போகும் பெட்டிக்குள் வருமானால் இந்த வழியில் வர வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

அப்படிப்பட்ட பெட்டி எங்களுக்கு எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ் சிக்னல் தரைக்கு வரும்போது மிகவும் மெலிந்துவிடும், அதை மறிப்பது சுலபம். 2024இல் குறுக்கீடு தாங்காமல் ஃபின்ஏர் நிறுவனம் எஸ்டோனியாவின் டார்ட்டுவுக்கான விமானங்களைச் சில வாரம் நிறுத்தியே வைத்தது. வானத்தை மட்டும் நம்பி நிற்கும் டவரும் துணைமின் நிலையமும் அதே ஆபத்தில்தான் இருக்கின்றன. ஹோல்ட்ஓவர் சில மணி நேரமாக இல்லாமல் சில வாரமாக இருந்தால் அந்தப் பயம் போய்விடும்.

இதில் இந்தியாவின் கதை எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானது. நமக்குச் சொந்தமாக நாவிக் என்ற வழிகாட்டி அமைப்பு உண்டு. 2013இல் முதல் செயற்கைக்கோளை இஸ்ரோ ஏவியது. அதில் இருந்த மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் ஐரோப்பாவிலிருந்து வாங்கியவை. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. ராக்கெட் நம்முடையது, செயற்கைக்கோள் நம்முடையது, அது சுற்றிக்கொண்டும் இருந்தது, ஆனால் மணி சொல்ல முடியாத செயற்கைக்கோளால் வழி சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக 2017 ஆகஸ்டில் அனுப்பியது வெப்பக் கவசம் பிரியாமல் தோற்றது. பிறகு 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து என்விஎஸ்-01 போனபோது அதில் அகமதாபாத்தில் உருவாக்கிய நம் சொந்த ரூபிடியம் கடிகாரம் இருந்தது. அந்தச் செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. எனக்கு அது முதல் பக்கச் செய்தி. 2025 ஜனவரியில் அனுப்பிய என்விஎஸ்-02 எதிர்பார்த்த சுற்றுப்பாதைக்குப் போகவில்லை என்பது வருத்தம்தான். ஆனால் கடிகாரம் செய்யக் கற்றுக்கொண்டது கையை விட்டுப் போகாது. புனேயில் ஒளிக் கடிகாரங்களுக்கான ஆராய்ச்சியும் நடக்கிறது. இதற்குப் பணம் ஒதுக்குவதை யாராவது வீண் என்று சொன்னால் நான் விடாமல் வாதாடுவேன்.

மணி சொல்லும் வேலை இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1906இல் இந்திய நேரம் நடைமுறைக்கு வரும் முன்பு நாட்டின் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகம் தந்தி வழியாக அந்த நேரத்தைக் கொடுத்தது. இப்போது டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் அந்த வேலையைச் செய்கிறது.

வரப்போகும் மாற்றங்கள் இரண்டைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஒன்று, பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக அவ்வப்போது சேர்க்கும் லீப் வினாடி. 1972 முதல் 27 முறை சேர்த்திருக்கிறார்கள். கடைசியாகச் சேர்த்தது நம் கணக்கில் 2017 ஜனவரி 1 காலை ஐந்தரைக்கு. கணினிகள் இதில் தடுமாறுவதால் 2035க்குள் இந்த வழக்கத்தை மாற்றுவது என்று 2022இல் முடிவெடுத்தார்கள். இன்னொன்று, வினாடியின் இலக்கணத்தையே சீசியத்திலிருந்து ஒளிக் கடிகாரங்களுக்கு மாற்றுவது. 2030ஐக் குறிவைத்து வேலை நடக்கிறது.

அப்புறம், செயற்கைக்கோள்களைப் பட்டியலிட்டுக் காட்டும் இலவச செயலிகள் நிறைய உண்டு. ஒன்றைப் போனில் போட்டு மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பா, சீனா என்று நாடு வாரியாக வரும். உங்கள் போனின் சிப் ஆதரித்தால் நம்முடையதும் தெரியும். பட்டியலில் எது வந்தது, எது வரவில்லை என்று போன் மாடலோடு கீழே எழுதுங்கள், தெரிந்த வரை விளக்குகிறேன்.